டயரோடு பயணிக்கும் குறை

சர்வீஸுக்குப் போகும்போது நேராக ஓடிய கார், டயர்களை மாற்றிப் போட்டுத் திரும்பி வரும்போது இடதுபக்கம் வாங்குகிறது. அல்லது தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. அல்லது பைபாஸில் ஏறியதும் காருக்கு அடியிலிருந்து இதுவரை கேட்காத ஒரு முனகல் கிளம்புகிறது. இந்தப் புகாரோடு டயர் கடைக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அலைன்மென்ட் போயிருக்கும் சார், மறுபடி பார்த்துடலாம்." மறுபடி பார்க்கிறார்கள், பில் போடுகிறார்கள். பல நேரம் குறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்தப் பதில் ஏன் போதாது என்பதிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தொடங்க வேண்டும். டோ, கேம்பர், காஸ்டர் என்று அலைன்மென்டில் அளக்கப்படும் கோணங்கள் சஸ்பென்ஷனிலும் ஸ்டீயரிங் இணைப்புகளிலும் இருப்பவை. நான்கு நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்து வேறொரு மூலையில் மாட்டுவதால் அந்தக் கோணங்கள் மாறுவதில்லை. மாறியது டயரும் ரிம்மும் இருக்கும் இடம், அவற்றிலுள்ள காற்று, நட்டுகளின் இறுக்கம், அவ்வளவுதான். ஆகவே டயர் மாற்றியதும் தோன்றிய குறைக்குக் காரணத்தை முதலில் தேட வேண்டிய இடமும் இந்த மூன்றுதான். டயர்களை இப்படி இடம் மாற்றிப் போடும் ரொட்டேஷன் புதிதாக ஒரு குறையை உண்டாக்குவது அரிது. பின்னால் இருந்தவரை யாருக்கும் தெரியாமல் கிடந்த குறையை அது முன்னால் கொண்டுவந்து ஓட்டுநரின் கையில் கொடுக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்களில் ரொட்டேஷன் தனியாக நடப்பதே இல்லை. அலைன்மென்ட், பேலன்சிங், ரொட்டேஷன் மூன்றையும் ஒரே பில்லில், ஒரே மணிநேரத்தில் முடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். மூன்று மாற்றங்கள் ஒரே நாளில் நடந்தால் எது குறையைக் கொண்டுவந்தது என்று பிரித்தறிவது கடினம். இருந்தாலும் சில அடையாளங்கள் பிரித்துச் சொல்லிவிடும். கார் நேராகப் போகிறது, ஆனால் ஸ்டீயரிங் மட்டும் சற்றுக் கோணலாக நிற்கிறது என்றால் அது அலைன்மென்ட் வேலையின் பிழை. டயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டாமல் டோ சரிசெய்தால் இப்படித்தான் வரும். அலைன்மென்ட் மெஷின் தரும் தாளில் சரிசெய்வதற்கு முந்தைய அளவுகளும் பிந்தைய அளவுகளும் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முந்தைய அளவுகளே சரியாக இருந்திருந்தால், மறுபடி அலைன்மென்ட் செய்து எதுவும் ஆகப்போவதில்லை.

டயர்களை ஏன் மாற்றிப் போடுகிறோம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அம்பாசடர் போன்ற பின்சக்கர இயக்கக் கார்களில் உந்தும் வேலை பின்னால், திருப்பும் வேலை முன்னால் என்று பங்கு பிரிந்திருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் முன்சக்கர இயக்கம் இந்தியச் சாலைகளில் சாதாரணமானது. இன்று விற்கும் சிறிய கார்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த வகைதான். இவற்றில் உந்துவதும் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் டயர்களே. எஞ்சினின் கனமும் அவற்றின் மேல்தான். ஆகவே டயரின் தரை தொடும் கட்டிகளான பட்டன் முன்னால் வேகமாகத் தேய்கிறது, பின்னால் மெதுவாக. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் நான்கும் ஒன்றுபோலத் தேயும். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் அதே பக்கமாக நேரே பின்னுக்குப் போகும். பின் டயர்கள் பக்கம் மாறிக் குறுக்காக முன்னுக்கு வரும். பின்சக்கர இயக்கத்தில் இது தலைகீழ்: பின்னிருப்பவை நேராக முன்னுக்கு வரும், முன்னிருப்பவை குறுக்காகப் பின்னுக்குப் போகும்.

இந்தக் குறுக்கு மாற்றம் ரேடியல் டயருக்கு ஆகாது என்று ஒரு கருத்து இன்றும் பழைய மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. அது வெறும் மூடநம்பிக்கை அல்ல. மிஷ்லின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரில் எஃகுக் கம்பிப் பட்டைகள் டயரைச் சுற்றி ஓடுகின்றன. ஒரே திசையில் நெடுநாள் சுழன்ற டயரை எதிர்த்திசையில் சுழலவிட்டால் அந்தப் பட்டைகள் விட்டுப்போகும் என்ற அச்சத்தால், ரேடியலை அதே பக்கத்துக்குள்ளேயே முன்பின்னாக மாற்றச் சொல்லும் அறிவுரை நெடுங்காலம் இருந்தது. தயாரிப்பு முறைகள் தேறியபின் நிறுவனங்களே குறுக்கு மாற்றத்தைப் பரிந்துரைக்கத் தொடங்கின. இன்றைக்கு அது கூடாதது ஒரு வகைக்கு மட்டும்: பக்கச் சுவரில் அம்புக்குறி போட்டு, சுழல வேண்டிய திசையைக் குறித்திருக்கும் டயர்கள். அவற்றை அதே பக்கத்தில்தான் முன்பின்னாக மாற்ற வேண்டும். அம்பு பின்னோக்கிப் பார்க்கும்படி மாட்டப்பட்ட டயர் மழைநீரைச் சரியாக வெளியேற்றாது. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து நான்கு அம்புகளையும் பார்த்தாலே இந்தத் தவறு பிடிபட்டுவிடும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் உள்ள கார்களில் முன்பின் மாற்றம் என்ற பேச்சே இல்லை.

இனி பக்கம் வாங்கும் புகார். இதுதான் அதிகம் வருவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

முதலில் காற்று. பல கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அழுத்தம் சொல்லப்பட்டிருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அது இருக்கும். டயர் இடம் மாறும்போது அதன் உள்ளே இருக்கும் காற்றும் கூடவே போகிறது. பின்னுக்குரிய அழுத்தத்தோடு முன்னுக்கு வந்த டயரைப் புது இடத்துக்கு ஏற்றபடி சரிசெய்யாமல் அனுப்பிவிடுவது அன்றாடம் நடப்பது. இடது வலது டயர்களுக்குள் வேறுபாடு இருந்தால் கார் குறைவாகக் காற்று உள்ள பக்கம் சாயும். காலையில், ஓடிச் சூடாகாத டயரில் அளக்க வேண்டும். வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைவாக இருக்கும். ஐந்து நிமிடம் ஆகும் இந்தச் சோதனையைச் செய்யாமல் வேறு எதையும் தொடக்கூடாது என்பேன்.

அடுத்து சாலை. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலைகளை விளிம்பு நோக்கிச் சற்றுச் சரித்தே போடுகிறார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். இடதுபக்கம் ஓட்டும் நம் நாட்டில் அந்தச் சரிவு பொதுவாக இடப்பக்கம். நான்கு வழிச் சாலைகளில் நடுத்திட்டை ஒட்டிய வலது தடத்திலும் பெரும்பாலும் அதே சரிவுதான். ஆகவே கையை லேசாகத் தளர்த்தினால் கார் மெதுவாக இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. டயர் மாற்றி வந்தவர் அன்று கூர்ந்து கவனிக்கிறார், இதுவரை கவனிக்காததைக் காண்கிறார். உண்மையான குறை என்றால் சமதளத்திலும் இழுக்கும், வலப்பக்கம் சரிந்த தரையில்கூட இடதுக்கே இழுக்கும்.

காற்றும் சாலையும் சரி என்றான பிறகே டயருக்குள் போக வேண்டும். டயரைக் கட்டும்போது உள்ளிருக்கும் எஃகுப் பட்டை நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் நூலளவு ஒதுங்கிவிட்டால், அந்தப் பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்வாகவும் ஆகிறது. பார்வைக்கு உருளை, நடத்தையில் கூம்பு. ஒரு புனலைத் தரையில் உருட்டினால் அது நேராகப் போகாமல் குறுகிய முனைப் பக்கமாக வளைந்து போவது போல, இந்த டயரும் ஒரு பக்கமாகத் தள்ளும். கூம்புத் தன்மை ஓரளவு எல்லா டயரிலும் உண்டு. அளவு மீறும்போதுதான் தொல்லை. பின்னால் இருக்கும்போது இது தெரிவதில்லை, ஏனென்றால் பின் அச்சு திரும்பாது. தள்ளுவிசையைக் கார் மொத்தமும் வாங்கிக்கொள்கிறது. அதே டயர் முன்னால் வந்ததும் அந்த விசை நேராக ஸ்டீயரிங்குக்கு ஏறுகிறது. டயர் மாற்றிய அன்றே இழுப்பு தொடங்குவதற்கு, காற்றுக்கு அடுத்த காரணமாக நான் சொல்வது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. முன் டயர்கள் இரண்டையும் இடவலமாக மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கூம்புத் தள்ளல் டயரின் வெளிப்பக்கத்தையோ உட்பக்கத்தையோ சார்ந்தது. பக்கம் மாறினால் அதுவும் மாறும். இடதுக்கு இழுத்த கார் இப்போது வலதுக்கு இழுத்தால் குறை டயரில். அப்படியே இடதுக்கு இழுத்துக்கொண்டிருந்தால் குறை காரில் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது அலைன்மென்ட், லோயர் ஆர்ம் புஷ், விட்டுவிட்டுப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் என்று பார்ப்பதில் பொருள் உண்டு. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம், பட்டைக் கம்பிகளின் சாய்வால் வரும் இன்னொரு தள்ளல் டயரிலேயே உண்டு. அது டயரை எந்தப் பக்கம் மாட்டினாலும் காரை ஒரே பக்கமாகத் தள்ளும். ஆனால் அதைக் கணக்கில் கொண்டே கார் வடிவமைக்கப்படுவதால், வேறு பிராண்ட் டயருக்கு மாறும்போதுதான் அது வெளியே தெரியும். அம்புக்குறி டயர்களை இடவலமாக மாற்றக்கூடாது. அவற்றில் ஒரு பக்கத்து முன்பின் டயர்களை மட்டும் பழைய இடத்துக்குத் திருப்பிப் பார்த்தால் போதும்.

உண்மையில் எல்லாக் காருக்கும் மிகத் தெளிவான சோதனை அதுதான்: நான்கையும் பழையபடியே மாட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. குறை போய்விட்டால் அது டயரோடு பயணித்தது என்று உறுதி. கடைக்காரர்களுக்கு இது பின்னோக்கிப் போவதுபோலத் தோன்றுகிறது, வாடிக்கையாளருக்கும் வீண்செலவாகத் தோன்றுகிறது. அரைமணி நேர வேலை, அலைன்மென்டைவிடக் குறைந்த செலவு, கிடைப்பதோ சந்தேகமற்ற விடை. இதைச் செய்யும் கடை மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடி நிறுத்தியதும் ஒரு சக்கரத்து ரிம் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடவில்லை என்று பொருள். தொட்டுப் பார்க்காமல் கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.

இழுப்பை விட்டு நடுக்கத்துக்கு வருவோம். 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் போகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினான்கு முறைக்கு மேல் சுழல்கிறது. ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய நாலரைக் கிலோ எடைக்குச் சமமான விசையாகி, நொடிக்குப் பதினான்கு முறை சக்கரத்தை மேலும் கீழும் இழுக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அதே 30 கிராம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. ஊருக்குள் ஒன்றும் தெரியாத கார் செங்கல்பட்டைத் தாண்டியதும் ஆடத் தொடங்குவது இதனால்தான். முன்சக்கரத்தில் இந்தக் குறை இருந்தால் ஸ்டீயரிங் நடுங்கும். பின்சக்கரத்தில் இருந்தால் இருக்கையும் தரையும் அதிரும். இருக்கை அதிர்வைப் பலர் சாலையின் குற்றம் என்று விட்டுவிடுகிறார்கள். ரொட்டேஷனில் அந்தச் சக்கரம் முன்னுக்கு வந்ததும் கையில் தெரிகிறது.

பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்றால் தேட வேண்டிய இடங்கள் உண்டு. ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேறு. மண் பாதையில் ஓடும் வண்டிகளில் இது கைப்பிடியளவு இருக்கும், பேலன்சிங் செய்தபின் ஒரு கட்டி உதிர்ந்தாலே சமன் கெட்டுவிடும். பள்ளத்தில் விழுந்து வளைந்த அலாய் ரிம். மெஷினில் சுற்றவிட்டு ஓரத்தைப் பார்த்தால் ஆட்டம் தெரியும். எடை சமனாக இருந்தும் ரிம் வட்டமாக இல்லாவிட்டால் பேலன்சிங் மெஷின் பூஜ்யம் காட்டும், சாலையில் கார் ஆடும்.

இவற்றையெல்லாம்விட ரொட்டேஷனோடு நேரடித் தொடர்புள்ளது சக்கரம் ஹப்பில் உட்காரும் விதம். ஹப்பின் முகத்தில் துருப்பொருக்கோ மணலோ இருந்தால் ரிம் சமமாகப் படியாது. ஒரு காகிதத் தடிமன் சாய்வுகூட டயரின் விளிம்பில் பெருகித் தள்ளாட்டமாகும். கம்பிப் பிரஷ்ஷால் ஒரு நிமிடம் தேய்த்தால் தீரும் வேலை இது. வெளிக்கடையில் வாங்கிய அலாய் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த ரிம்களின் நடுத்துளை பல கார்களுக்கும் பொருந்தும்படி பெரிதாக இருக்கும். ஹப்புக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியை ஒரு பிளாஸ்டிக் வளையம் நிரப்பும். சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொள்ளும், இன்னொன்று ரிம்மோடு வரும். இடம் மாற்றி மாட்டும்போது ஒரு மூலையில் வளையமே இல்லாமல் போய்விடும். அந்தச் சக்கரம் நடு தப்பி நிற்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஆட்டம் போகாது.

நட்டுகளை இறுக்குவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான சிறிய கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும்; சரியான எண் காரின் கையேட்டில் இருக்கும். ஏர் கன்னால் 'டர்ர்' என்று இறுக்குகிற இடங்களில் அந்த அளவு எவ்வளவு மீறப்படுகிறது என்று அந்தப் பையனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதிலும் ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரிம் கோணலாகப் பூட்டப்படுகிறது. பிரேக் டிஸ்க்கும் அதோடு நெளியலாம். அப்போது சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் இருக்காது, எண்பதில் பிரேக் போட்டால் மட்டும் ஸ்டீயரிங் படபடக்கும். எதிரெதிர் நட்டுகளாகக் கையால் பிடித்து, பாதி இறுக்கி, காரைத் தரையில் இறக்கி, டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். அதிக இறுக்கத்தால் ஆட்டம் வரும். குறைந்த இறுக்கத்தால் சக்கரமே கழன்று போகும். மெதுவாகப் போகும்போதே 'டக் டக்' என்ற ஓசையும் தளர்ந்த ஆட்டமும் சேர்ந்து வந்தால் உடனே ஓரம் கட்டி நட்டுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முனகல் ஒலியின் கதை வேறு. முன்சக்கர இயக்கக் கார்களில் பின் டயர்கள் சும்மா உருண்டு வருவதால், பட்டன் கட்டிகள் ஒரு முனையில் மட்டும் தேய்ந்து ரம்பப்பல் போல் ஆகும். கையை ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பு, எதிர்த்திசையில் சொரசொரப்பு. இந்த டயர் முன்னுக்கு வந்து, குறுக்கு மாற்றத்தால் எதிர்த்திசையில் சுழலும்போது ஒலி கூடும். பலர் வீல் பேரிங் போய்விட்டது என்று அதை மாற்றுகிறார்கள். வேறுபாடு காண எளிய வழி உண்டு. காலியான அகலச் சாலையில், மிதமான வேகத்தில், மெதுவாக இடமும் வலமும் திருப்பினால் பேரிங் ஒலி ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். டயர் ஒலியோ சாலையின் பரப்பு மாறும்போது மாறும்: புதுத் தாரில் அடங்கும், கான்கிரீட்டில் உயரும். ரம்பத் தேய்மானம் லேசானதாக இருந்தால் புது இடத்தில் ஓட ஓடத் தேய்ந்து ஒலி தானாகக் குறையும். குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் குறையாது. அது ஷாக் அப்சார்பர் தளர்ந்ததற்கு அடையாளம். டயரை மட்டும் மாற்றினால் புது டயரிலும் அதே குழிகள் வரும்.

ஸ்டெப்னியைச் சுற்றில் சேர்ப்பதிலும் கவனம் தேவை. நான்கு டயரும் நாலு மில்லிமீட்டருக்குத் தேய்ந்தபின், எட்டு மில்லிமீட்டர் பட்டனோடு டிக்கியில் கிடந்த ஐந்தாவதை முன்னால் ஒரு பக்கம் போட்டால், சுற்றளவில் ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு. கார் சிறிய டயர் பக்கம் சாயும். ஸ்டெப்னியைச் சேர்ப்பதாக இருந்தால் முதல் ரொட்டேஷனிலிருந்தே சேர்க்க வேண்டும். சக்கர வேகத்தைக் கணக்கிட்டுக் காற்றழுத்தம் சொல்லும் கார்களில் ஒவ்வொரு முறை டயர் மாற்றியதும் அந்த அமைப்பை ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் டேஷ்போர்டில் பொய்யான எச்சரிக்கை எரியும்.

இதுவரை சொன்னவை ஓட்டுநருக்கு உடனே தெரியும் குறைகள். ஓட்டுநருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் வரை ரொட்டேஷனே செய்யாமல் ஓட்டிவிட்டு, முன் டயர் ஏறக்குறைய மொட்டையான பிறகு அவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். நல்ல டயர் முன்னால் இருக்க வேண்டும் என்ற எண்ணம் லாரி உலகத்திலிருந்து வந்தது. பின்னால் இரட்டை டயர்கள் உள்ள லாரியில் அது சரியே. முன் டயர் வெடித்தால் வண்டியைப் பிடிக்க முடியாது. காருக்கு அந்த நியாயம் பொருந்தாது. காய்ந்த சாலையில் எந்த வேறுபாடும் தெரியாது, ஸ்டீயரிங் முன்னைவிட இறுக்கமாகப் பிடிப்பதாகக்கூடத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேங்கிய நீரில் வளையும்போது முன் டயர்கள் பிடிக்கும், பின்னிரண்டும் நீரின் மேல் மிதக்கும். காரின் பின்பகுதி வெளியே சுழன்றுவிடும். முன்சக்கரம் வழுக்கினால் காலை எடுத்து வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநர் மீண்டுவிடலாம். பின்பகுதி சுழன்றால் அதே செயல் சுழற்சியை இன்னும் கூட்டும். மிஷ்லின் உள்ளிட்ட பெரிய டயர் நிறுவனங்கள் ஆழமான பட்டன் உள்ள இரண்டையும் பின்னால் போடச் சொல்வது இதனால்தான். 1.6 மில்லிமீட்டர் என்ற சட்ட எல்லையை எட்டும் முன்பே, மூன்று மில்லிமீட்டருக்குக் கீழ் வந்த டயரைப் பின்னுக்கு அனுப்பாமல் மாற்றிவிடுவதே மேல்.

முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் வாத்து நடைபோல் இடமும் வலமும் அசைந்தால், அது எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டிய குறை அல்ல. உள்ளே எஃகுப் பட்டை பிரிந்திருக்கிறது. பட்டன் பரப்பிலோ பக்கச் சுவரிலோ புடைப்பு தெரியும். அந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியைப் போட்டு மெதுவாகக் கடைக்குப் போக வேண்டும். பின்னால் இருந்தபோது அது லேசான குலுக்கலாக மட்டும் இருந்திருக்கும். ஆகவே கழற்றிய ஒவ்வொரு டயரையும் மாட்டுவதற்கு முன் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது ரொட்டேஷனின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும்.

கழற்றும் முன் ஒவ்வொரு டயரிலும் சாக்பீஸால் அது இருந்த மூலையை எழுதச் சொல்லுங்கள்: மு.இ., மு.வ., பி.இ., பி.வ. எது எங்கே போனது என்பதையும் நான்கின் பட்டன் ஆழத்தையும் பில்லின் பின்புறம் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து ஸ்டீயரிங் நடுங்கினால் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் குறிப்புதான்.